இடிக்காமல் பிரித்துக் கட்டுவது: பழைய வீட்டுச் செங்கலும் மரமும் புது வீட்டுக்குள் போகும் வழி

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டை (மர உத்திரத்தின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்டு மொட்டைமாடி அமைத்த வீடு) ஜேசிபி விட்டு இடித்தால் இரண்டு மூன்று நாளில் மனை காலி. அதே வீட்டை ஆள் வைத்துப் பிரித்தால் சில வாரம் ஆகும். தேக்கு உத்திரம், கைச்செங்கல், மங்களூர் ஓடு, கருங்கல் படி, வாசல் நிலை எல்லாம் பிழைப்பது அந்தச் சில வாரத்தில்தான். வீட்டைப் பிரித்துக் கட்டுவது நமக்குப் புதிய பேச்சும் அல்ல. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், பாரம்பரிய வீடுகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவில் நிற்கும் செட்டிநாட்டு வீடு, சொந்த ஊரில் பிரிக்கப்பட்டு, இங்கே கொண்டுவந்து மறுபடி கூட்டப்பட்டது. அந்த வளாகம் 1996இல் திறந்தது.

அப்படிப் பிரிக்க முடிந்ததற்குக் காரணம் சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கலவை செங்கல்லைவிட மெலிந்தது. சுவரைத் தட்டும்போது முதலில் விடுவது இணைப்பு, செங்கல் முழுசாகக் கையில் வரும். 1:4 சிமெண்டில், அதாவது 1 பங்கு சிமெண்டும் 4 பங்கு மணலும் கலந்து, கட்டிய சுவரில் இது தலைகீழ். கலவை செங்கல்லைவிடக் கெட்டி என்பதால் செங்கல் உடைந்துதான் சுவர் பிரியும். மரத்திலும் இதே கதைதான். மர ஆணி அடித்த கூட்டை, அதாவது கட்டையும் கட்டையும் சேரும் இணைப்பை, தட்டிக் கழற்றலாம், பசையும் கம்பி ஆணியும் போட்ட கூட்டைப் பிளந்துதான் எடுக்கவேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால், பழைய வீட்டை எப்படிப் பிரிப்பது, புது வீட்டை எப்படிக் கட்டுவது என்ற இரண்டுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

கணக்கெடுப்பு

சுவர் எதில் கட்டியது என்று முதலில் பாருங்கள். பூச்சை ஒரு அடிக்கு ஒரு அடி கொத்தி எடுத்துவிட்டு, இணைப்பில் ஸ்க்ரூடிரைவரால் கீறுங்கள். சுண்ணாம்பு என்றால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொடி உதிரும். சிமெண்ட் சாம்பல் நிறமாகக் கெட்டியாக நிற்கும். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும்: முன்கட்டு சுண்ணாம்பு, பின்னால் சேர்த்த குளியலறையும் மாடி அறையும் சிமெண்ட். ஒவ்வொரு அறையிலும் கீறிப் பார்த்து வரைபடத்தில் நிறம் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை செங்கல் தேறும் என்று யாரையும் கேட்க வேண்டாம். 9 அங்குலச் சுவரில் 3 அடிக்கு 3 அடி ஒரு கட்டம் போட்டு, அதை மட்டும் கையால் பிரித்துப் பாருங்கள். 100 சதுர அடிக்குச் சுமார் 1,000 செங்கல் என்ற கணக்கில் அந்தக் கட்டத்தில் 90 செங்கல் இருக்கும். அதில் முழுசாக வந்தவை எத்தனை என்று எண்ணுங்கள், ஆள்கூலி எவ்வளவு நேரத்துக்கு ஆனது என்றும் குறியுங்கள். மொத்தச் சுவருக்கும் அந்த விகிதத்தைப் போட்டால் உண்மைக்குப் பக்கத்தில் வரும். சுமை தாங்காத இடைச்சுவரில், கதவு ஜன்னலுக்குத் தள்ளி இதைச் செய்யுங்கள்.

மரத்தைக் கன அடியில் எழுதுங்கள். 4 அங்குலத்துக்கு 6 அங்குலம், 12 அடி நீளம் என்றால் 2 கன அடி. ஆனால் 12 அடியும் உங்களுக்குக் கிடைக்காது. உத்திரத்தின் இரண்டு முனையும் சுவருக்குள் 6 முதல் 9 அங்குலம் புதைந்திருக்கும். காற்றுப் படாமல் ஈரம் குடிக்கும் அந்த முனைதான் முதலில் மக்கும். 12 அடிக் கட்டையை 10½ அடி என்று எழுதுவதே சரி. கூரான தமரூசியால் முனையில் குத்துங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தப் பகுதி போனதுதான். கீழே மாவுபோலத் தூள் கொட்டிக் கிடந்தால் உளு, மண் கோடு ஏறியிருந்தால் கரையான். வைரம் பாய்ந்த தேக்கை இரண்டும் எளிதில் தொடாது, ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். ஆகவே மேலே அரித்திருப்பதைப் பார்த்ததும் கட்டையையே தள்ளிவிடாதீர்கள். செதுக்கி உள்ளே பாருங்கள்.

ஒப்பந்தத்தில் கவனம் தேவை. இடிப்பு காண்ட்ராக்டர் வீட்டுப் பொருளைத் தனக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக வீட்டுக்காரருக்கு ஒரு தொகை கொடுப்பதுதான் வழக்கமான ஏற்பாடு. அதில் எதுவும் உங்களுக்கு மிஞ்சாது. உங்களுக்கு வேண்டியதைப் பட்டியலிட்டு, எண் போட்டு, படத்தோடு ஒப்பந்தத்தில் சேருங்கள். பிரிக்கும் வேலையை மொத்தத் தொகைக்கு விடக்கூடாது. சீக்கிரம் முடித்தால் லாபம் என்றால் எவரும் கடப்பாரையைத்தான் எடுப்பார்கள். மரத்துக்கு நாள்கூலி, செங்கல்லுக்கு முழுசாகச் சுத்தம் செய்து அடுக்கிய 1,000க்கு இவ்வளவு என்று பேசுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே கையின் வேகம் மாறிவிடும்.

கட்டிடம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மாநகராட்சி அனுமதியும் மின்வாரியத்தின் இணைப்புத் துண்டிப்பும் வாங்கிய பிறகே கைவைக்கவேண்டும்.

பிரிக்கும் வரிசை

கட்டிய வரிசைக்கு நேர் எதிர். கடைசியில் வந்தது முதலில் போகும்: ஒயரிங், குழாய், கதவு ஜன்னல் பலகைகள், ஓடு, மொட்டைமாடி, உத்திரம், சுவர், நிலை, தரை.

மெட்ராஸ் டெரஸ் கூரையில்தான் ஆபத்து அதிகம். மேலே தட்டோடு, அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த காரை, அதன் கீழே உத்திரங்களுக்கு இடையே குறுக்கு மூலையாக நெட்டுக்குத்தில் நிற்கும் மெல்லிய ஒட்டுச் செங்கல். இந்தச் செங்கல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. ஒரு இடத்தில் துளை விழுந்தால் பக்கத்தில் இருப்பவை தளர்ந்து, நிற்கும் ஆளோடு இறங்கும். எனவே ஒவ்வொரு உத்திரத்துக்கும் கீழே நடுவில் முட்டு கொடுங்கள். மேலே இரண்டு மூன்று உத்திரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நின்று வேலை செய்யட்டும். ஒரு ஓரச் சுவரில் தொடங்கி, ஒரு உத்திர இடைவெளியை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள். வேலை நடக்கும்போது கீழே அறையில் ஒருவரும் இருக்கக்கூடாது. எடுத்த ரப்பிஷ் மாடியில் குவியவே கூடாது. பழைய உத்திரம் முறிவது பெரும்பாலும் குவியலின் பாரத்தில்தான். உடனுக்குடன் சரிவுத் தகரம் வழியாகக் கீழே இறக்குங்கள்.

உத்திரத்தை எடுக்கும்போது ஒரு முனையைத் தூக்கி மறுமுனையை நெம்பினால் சுவர் உச்சி பெயரும். முனையைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று வரிசைச் செங்கல்லை முதலில் எடுத்துக் கட்டையை விடுவித்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஒன்றாக இறக்குங்கள். உத்திரம் போன பிறகு உயரமான சுவர் தனியாக நிற்கும். பக்கத்துத் துணை இல்லாத சுவரை அப்படியே விட்டு இரவு வீட்டுக்குப் போகாதீர்கள். அன்றைக்கே நாலடி உயரத்துக்கு இறக்கிவிடுங்கள், அல்லது சாய்வு முட்டு கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. கூரை போன சுண்ணாம்புச் சுவர் இரண்டு நாள் மழையில் ஊறினால் கணிப்புக்கு அடங்காது.

சுவரை மேலிருந்து வரிசை வரிசையாகத்தான் இறக்கவேண்டும். கடப்பாரை வேண்டாம். 4 பவுண்டு சுத்தியும் அகலமான தட்டை உளியும் போதும். படுக்கை இணைப்பில் உளியை வைத்துத் தட்டினால் செங்கல் ‘டக்’கென்று எழும்பும். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை அப்போதே சுரண்டிவிடுங்கள், மழை பட்டு மறுபடி இறுகினால் இரட்டை வேலை.

எண் போடுவதில் சாக்பீஸ் கூடாது, ஒரு தூறலில் போய்விடும். எனாமல் பெயிண்டால், வெளியே தெரியாத முகத்தில் எழுதுங்கள். நிலை, தூண், போதிகை, ஜன்னல் சட்டம் எல்லாவற்றுக்கும் அறை எழுத்து, உறுப்பு எண், மேல்பக்க அம்புக்குறி மூன்றும் வேண்டும். கூட்டைக் கழற்றும்போது முளைக்குச்சியின் பக்கத்தில் பாருங்கள். ஆசாரி உளியால் கீறிய கோடுகள் இருக்கலாம்: ஒரு கோடு போட்ட முளை, ஒரு கோடு போட்ட துளைக்கு. அதை அழிக்காமல் உங்கள் எண்ணை அதன் அருகில் எழுதுங்கள். மறுபடி கூட்டும்போது உங்கள் எண்ணைவிட அந்தக் கோடுதான் கைகொடுக்கும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற கட்டுப்பாடு இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். உலர உரசினால் அந்தத் தூள் மூச்சில் போகும். நனைத்துச் சுரண்டி, சுரண்டலைப் பையில் கட்டுங்கள். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கித் தனியாக வையுங்கள். அதை எங்கும் மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

நகரத்து மனையில் அடுக்க இடம் இருக்காது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் கட்டுமானம் தொடங்கினால் பொருள் வெளியே போயாக வேண்டும். முன்கூட்டியே ஒரு கொட்டகை பார்த்துவையுங்கள். மரத்தைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே 2 அடிக்கு ஒரு 1 அங்குல ரீப்பர் வைத்து நிழலில் அடுக்குங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுகப் போர்த்தினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மங்களூர் ஓடும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் படுக்கவைத்தால் உடையும், நிறுத்தி அடுக்கவேண்டும். ஆத்தங்குடிக் கல் சிமெண்ட் கலவையில் பதித்திருந்தால் அதை எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சுண்ணாம்புப் படுக்கையென்றால் ஓரத்தில் ஒன்றைப் பலிகொடுத்து, மற்றவற்றை அடியில் தட்டை உளி செலுத்தி எடுக்கலாம்.

எது தேறும், எது தேறாது

செங்கல்லை இரண்டாகப் பிடித்து மோதினால் மணியோசை வரவேண்டும். 3 அடி உயரத்திலிருந்து மண்தரையில் விட்டால் உடையக்கூடாது. அதோடு குவியலுக்குப் பத்து எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து எடைபோட்டு, 24 மணிநேரம் நீரில் ஊறவைத்து மறுபடி எடைபோடுங்கள். 3 கிலோ செங்கல் 3.6 கிலோவைத் தாண்டினால், நீர் குடிப்பது 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அதை மழை படாத உள்சுவருக்கு ஒதுக்குங்கள்.

உப்புதான் பெரிய எதிரி. பழைய சுவரின் கீழ் மூன்றடியும் குளியலறைச் சுவரும் தரையிலிருந்து உப்பை ஏற்றி வைத்திருக்கும். அந்தச் செங்கல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், புதுச் சுவரில் ஆறு மாதத்தில் பூச்சைத் தள்ளும். ஒரு தட்டில் 1 அங்குலம் நீர் ஊற்றிச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். நீரை முழுக்கக் குடித்துக் காய்ந்ததும் மறுபடி அதே அளவு ஊற்றுங்கள். இரண்டாம் முறை காய்ந்த பிறகு வெள்ளை பூத்திருந்தால் தள்ளிவையுங்கள். இதனால்தான் கீழ் மூன்றடிச் செங்கல்லைப் பிரிக்கும்போதே தனிக் குவியலாகப் போடவேண்டும்.

உடைந்த செங்கல்லும் வீணில்லை. சரியாக வேகாத, இளஞ்சிவப்பான துண்டுகளைப் பொடித்துச் சலித்தால் சுர்க்கி. கருகி வெந்த துண்டு சுர்க்கிக்கு ஆகாது, சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் குணம் அதில் போய்விட்டது. சிமெண்ட் கான்கிரீட் துண்டுகளை உடைத்துச் சலித்து, அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) படுக்கைக்கு எடுத்துக்கொள்ளலாம். கான்கிரீட் ஜல்லிக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 383இன் 2016 பதிப்பு, எம்15 என்ற வலுத் தரத்துக்குக் குறைந்த கான்கிரீட்டில் ஜல்லி முழுவதும் இப்படிப்பட்டதாக இருக்க அனுமதிக்கிறது. எம்25 வரையிலான ஆர்சிசியில் (கம்பி போட்ட கான்கிரீட்) 20 விழுக்காடு மட்டும். போடும் முன் அந்த ஜல்லியை நன்றாக நனைக்கவேண்டும், ஒட்டியிருக்கும் பழைய கலவை கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். பழைய கம்பியை நிமிர்த்தி மறுபடி தளத்தில் போடுவது மட்டும் கூடவே கூடாது. துருவில் எவ்வளவு மெலிந்தது, வளைத்து நிமிர்த்தியதில் எங்கே விரிசல் விட்டது என்று கண்ணால் சொல்ல முடியாது. அது காயலான் கடைக்கு.

மரத்தை ரம்பத்துக்கு அனுப்பும் முன் காந்தத்தை நீளவாக்கில் ஓட்டி ஆணியைத் தேடுங்கள். ஒரு ஆணி ரம்பப் பட்டையையே உடைத்துவிடும், அதனாலேயே பல மில்களில் பழைய மரம் என்றால் வாங்கமாட்டார்கள். வெள்ளைப் பகுதி உள்ள கட்டைக்கு, 100 லிட்டர் நீரில் 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் ஆசிட் கரைத்து, பெயிண்ட் நீக்கிய மரத்தில் மூன்று முறை தூரிகையால் பூசுங்கள். இது மழையில் கரைந்து போகும், வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு மட்டும்.

புது வீட்டில்

நகரத்தில் இன்று மாடி வீடு என்றால் ஆர்சிசி தூண், பீம். மாடியின் பாரத்தைப் பழைய செங்கல்லால் தாங்கவைக்கப் பார்க்காதீர்கள். தூண்களுக்கு இடையேயான நிரப்புச் சுவர், உள்சுவர், கைப்பிடிச் சுவர், மதில் இவைதான் அதன் இடம். கலவையில் முடிவெடுக்கும்போது அடுத்த தடவை இந்தச் சுவரைப் பிரிக்கப்போகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1 சிமெண்ட், 2 சுண்ணாம்பு, 9 மணல் நிரப்புச் சுவருக்கு நல்ல கலவை. நிற்கும் அளவுக்கு வலு, பிரியும் அளவுக்கு மெலிவு. சென்னை நிலநடுக்க வரைபடத்தில் மண்டலம் 3இல் இருப்பதால், சுவரைத் தூணோடு பிணைக்கும் விதத்தை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும். சிமெண்டே வேண்டாம் என்றால் 1 சுண்ணாம்புக் குழைவு, 1 சுர்க்கி, 2 மணல். சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது இரண்டு வாரமாவது நீருக்கடியில் வைத்த குழைவாக இருக்கவேண்டும். அவசரப்பட்டால் நீறாத துணுக்குகள் சுவரில் போய் நீறி, பொத்துக்கொண்டு வெளிவரும். நீற்றும்போது கொதிக்கும், கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக்கூடாது. சுண்ணாம்புச் சுவரை ஒரு நாளில் இரண்டு மூன்று அடிக்கு மேல் ஏற்றாதீர்கள், ஒரு வாரமாவது ஈரம் காயவிடாதீர்கள்.

பழைய செங்கல்லின் அளவு ஒன்றுபோல் இருக்காது. புதிய சேம்பர் செங்கல்லோடு மாற்றி மாற்றி வைத்தால் வரிசை ஏறி இறங்கும், நீர் குடிக்கும் வேகமும் வேறு. ஒரு சுவர் முழுக்கப் பழையது என்று வையுங்கள். உயரம் வேறுபட்டால் ஒத்த உயரங்களைப் பிரித்துப் பட்டை பட்டையாகக் கட்டுங்கள். சீனாவில் வாங் ஷூ வடிவமைத்து 2008இல் திறந்த நிங்போ வரலாற்று அருங்காட்சியகத்தின் வெளிச்சுவர், அந்தப் பகுதியில் இடித்த ஊர்களின் செங்கல்லும் ஓடும் கலந்து எழுந்தது. அளவு ஒத்துப்போகாததை மறைக்காமல் அதையே சுவரின் முகமாக்கினார்கள்.

பூசாமல் விடும் சுவரின் இணைப்பைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். சுவருக்குள் போன ஈரம் வெளியே வர இணைப்புதான் வழி. அதை மூடினால் ஈரம் மென்மையான பழைய செங்கல்லின் முகம் வழியாக வரும், முகம் செதில் செதிலாக உதிரும். வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தாலும் இதே கதி. சுண்ணாம்பால் அடையுங்கள், மழைச்சாரல் பக்கம் 2 அடி சஜ்ஜா (சன்ஷேட்) கொடுங்கள்.

தேறிய மங்களூர் ஓடு சாய்கூரைக்கு வேண்டிய அளவு இருந்தால் கூரைக்கே போகட்டும்: சதுர மீட்டருக்கு 15 ஓடு. ரீப்பர் இடைவெளியைப் புத்தகத்தில் பார்க்காமல், உங்கள் ஓடுகள் பத்தைத் தரையில் கோத்து அளந்து போடுங்கள், ஆலைக்கு ஆலை அளவு மாறும். மங்களூரில் பாசல் மிஷன் 1860களில் முதல் ஆலையைத் தொடங்கிய பிறகு எத்தனையோ பெயர்கள் அச்சடித்த ஓடுகள் வந்திருக்கின்றன, ஒரே கூரையில் இரண்டு ஆலை ஓடு கலந்திருந்தால் பூட்டு பொருந்தாது, ஒழுகும். எண்ணிக்கை போதாவிட்டால், கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் இருக்கிறது. தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட் வெறும் பாரமாக இருக்கும் இடங்களில் ஓடுகளைப் பதிப்பது. கான்கிரீட் போடும் முன் ஓட்டை ஊறவைக்கவேண்டும். கம்பியில் ஓடு தொடக்கூடாது, தொட்டால் அங்கே கம்பியைக் கான்கிரீட் மூடாது.

மரத்தைக் கூட்டும்போது பசை வேண்டாம், கம்பி ஆணி வேண்டாம். முளையும் மர ஆணியும் முடியாத இடத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட். கடலோர ஊரில் சாதாரண இரும்பு போல்ட் துருவேறி ஊதி, கட்டையைப் பிளந்துவிடும்.

வாசல் நிலை

இதை மட்டும் தனியாகச் செய்யுங்கள். நிலைக்கு மேலே உள்ள சுவரை முழுக்க இறக்கிய பிறகு, நிலையின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு ரீப்பரும், கால்களுக்கு இடையே கீழே ஒன்றும் திருகாணியில் இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் பக்கத்துச் செங்கல்லை எடுக்கவேண்டும். கயிறு கட்டி இழுத்தால் முளை பிளக்கும், பிளந்த நிலை மறுபடி மூலைமட்டத்துக்கு வராது.

பழைய நிலை பெரும்பாலும் உயரம் குறைவு, 6 அடிதான் இருக்கும். புது வீட்டில் லிண்டல், அதாவது வாசலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை, 7 அடியில் வரும். காலுக்கு அடியில் துண்டு வைத்து ஒட்டாதீர்கள். மேலே மிஞ்சும் ஒரு அடியில் கம்பி போட்ட காற்றுச் சாளரம் வையுங்கள்.

கீழ்ப்படியைப் பாருங்கள். நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் தேய்ந்து, விரல் வைத்தால் குழி தெரியும். ஓரங்களில் மஞ்சளும் குங்குமமும் மரத்துக்குள் ஊறிக் கறுத்திருக்கும். உட்பக்கக் காலில் பென்சிலால் கோடும் தேதியும், யாரோ ஒரு பிள்ளையின் உயரம். ஆசாரி இதையெல்லாம் இழைத்து ‘புதுசாட்டம்’ ஆக்கித் தர ஆசைப்படுவார், தடுத்துவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து முதல் பூச்சு, காய்ந்ததும் வெறும் எண்ணெய் மெல்லியதாக இன்னொரு பூச்சு. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

பொருத்தும்போது சுவருக்கும் நிலைக்கும் நடுவே இரண்டு பக்கமும் அரை அங்குலம் இடைவெளி விட்டு, பக்கத்துக்கு மூன்று இடத்தில் எஃகு கிளாம்ப்பில் எம்12 போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் தலைக்கு மேலே தேக்குக் குமிழ் ஒட்டாமல் அடைத்து, இடைவெளியில் சுண்ணாம்பு. பிறகு ஒரு வரைபடத்தில் எந்தெந்தச் சுவர் 1:2:9, எது சுர்க்கி, எந்த ஜன்னலில் எத்தனை குமிழ் என்று எழுதி, லேமினேட் செய்து, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். நிலையைக் கழற்ற 19 நம்பர் ஸ்பேனர் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.